தோத்தவ எடுத்த பாயிண்ட்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வடக்கனந்தல் பஸ் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் செஸ் போட்டி முடித்து வந்த ஒரு பெண்ணும் அவள் அம்மாவும்.

"என்கிட்ட தோத்தவ இன்னொரு ஆட்டம் ஜெயிச்சிருந்தா கப்பு எனக்குத்தாம்மா."

"இன்னாடி ஒளர்ற? நீயும் கப்பு வாங்குனவளும் ஒரே பாயிண்ட்டுன்னா இன்னொருக்கா மோத வுட்டுப் பாக்கறதுதான?"

"அதுக்கு நேரமில்லியாம். நம்மகூட ஆடினவங்க மொத்தமா எடுத்த பாயிண்ட்ட கூட்டுவாங்க. அது யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் கப்பு. எனக்கு அரை பாயிண்ட் கம்மி."

"எவளோ எடுக்கற பாயிண்ட்டுக்கு நீ இன்னாடி பண்ணுவ? நல்லா இருக்குது நாயம்."

"பலமான ஆளுங்களோட ஆடினமான்னு பாக்கறாங்கம்மா. என்கிட்ட தோத்த அந்த வெள்ளிமலைப் பொண்ணு நல்லா ஆடறவ. கடைசி ஆட்டம் ஆடாமயே போய்ட்டா. இருந்திருந்தா ஜெயிச்சிருப்பா."

"அப்பிடி இன்னா அவசரம் அவளுக்கு? ஆடிட்டுப் போறதுக்கு இன்னா?"

"நீதான அவங்கம்மாகிட்ட, மலைக்குப் போற கடைசி பஸ்ஸு போய்டும், பொம்பளப் புள்ளய வெச்சிக்கினு நிக்காதீங்கன்னு சொல்லி அனுப்புன."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டியதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"அந்த பஸ்ஸாவது கெடச்சிருக்குமாடி அவங்களுக்கு?"