எமன் மேல் விழுந்த கிளட்ச் பழி

— நிறுத்தாதீங்க. கையைக் காட்டுதது எமன்.

— எமன்னா என்னளா வேல்விழி? குலசை முத்தாரம்மனுக்கு வேசம் கட்டிப் போற மனுசன். கிரீடத்தோட வெயில்ல வெந்துக்கிட்டு நிக்காரு. தசரா நேரத்துல வேசக்காரங்களை ஏத்தாமப் போனா ஆத்தா சும்மா விடுவாளா?

— காளி நின்னா ஏத்துங்க. குரங்கு வேசம் நின்னாக்கூட ஏத்துங்க. அன்னதானத்துக்கு அரிசியும் அண்டாவும் பூசணிக்காயும் ஏத்திக்கிட்டுப் போற வண்டியில யாராச்சும் எமனை ஏத்துவாங்களா?

— நிறுத்தியாச்சு. இனி வாயைத் திறக்காத. வாங்க சாமி, ஏறுங்க. ஏன் தனியா நிக்கீய?

— ரொம்ப நன்றி ஐயா. எங்க தசரா செட்டு ஆளுங்க எல்லாம் பஸ்ஸுல போறாங்க. மீசை உரியுதேன்னு திருச்செந்தூர்ல பசை வாங்க இறங்கினேன். வந்து பார்த்தா பஸ்ஸைக் காணோம். ஒருத்தர் பைக்ல ஏத்திட்டு வந்து, முகத்தைத் திரும்பிப் பார்த்துட்டு இங்கேயே இறக்கி விட்டுட்டார். அதுக்கப்புறம் வந்த வண்டி எல்லாம் என்னைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுது.

— கூட்டாமலா? ஏங்க, எமன் பக்கத்துலயா நான் உக்காரணும்?

— நான் வண்டிய ஓட்ட வேண்டாமா? கொஞ்சம் என் பக்கம் தள்ளிக்கோ. சாமி, கிரீடம் இடிக்கும், தலையைச் சாய்ச்சிக்கோங்க.

— சாய்ச்சுக்கிறேன் ஐயா. அம்மா, இந்தக் கதாயுதத்தை ஒரு நிமிசம் பிடிச்சுக்கிறீங்களா? பயப்படாதீங்க, உள்ள பிளாஸ்டிக் குடம், மேல தங்கக் காகிதம். நான் சீட் பெல்ட் போட்டுக்கணும்.

— எமன் சீட் பெல்ட் போடுததை இன்னைக்குத்தான் பாக்கேன்.

— அவரு விவரமான எமன்ளா. சாமி, நல்லாப் பிடிச்சிக்கோங்க. இப்ப நம்ம வண்டி இழுக்குத இழுவையப் பாருங்க. இது லோடு ஏத்துத பிக்கப் வண்டின்னு சொன்னா நம்ப மாட்டீய. நம்ம ஊரு ரோட்டுல இந்தத் தங்கப்பாண்டிய முந்தினவன் கெடையாது, கேட்டீயளா?

— ஏங்க, சத்தம்தான் கூடுது. வண்டி போகலியே.

— போகும், போகும். டர்போ பிடிக்கணும்லா.

— எது பிடிக்கணும்? அந்தா ஐஸ் கட்டி ஏத்தின லோடு ஆட்டோ நம்மளை முந்திட்டுப் போறான். சிரிச்சிக்கிட்டே போறான்.

— கொஞ்சம் மேடு, அதான்.

— ஆலந்தலையில எங்கன மேடு இருக்கு? கடலுக்குப் பக்கத்துல மேடாம். ஏங்க, இது என்ன கருகுத நாத்தம்?

— சாமி, உங்க மீசை எதுலயும் பட்டுட்டா?

— என் மீசை நல்லாத்தான் இருக்கு ஐயா. வண்டியை ஓரமா நிறுத்துங்க. உடனே.

— சொன்னேன்லா. எமனை ஏத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா. ஏறி உக்காந்து அஞ்சு நிமிசம் ஆகல, வண்டி செத்துட்டு.

— ஆமாளா, நீ சொன்னது சரிதான் போலுக்கு. காலையில வரைக்கும் கும்முனு ஓடின வண்டி. சாமி ஏறினாரு, நின்னுட்டு. வேற என்ன காரணம் இருக்கும்?

— ஒரு நிமிசம் ஐயா. வருசா வருசம் நேர்ந்துக்கிட்டு எமன் வேசம் போடுறேன். என்னைப் பார்த்துப் பிள்ளைங்க அழுதிருக்கு. ஒரு கிழவர் மயக்கம் போட்டிருக்கார். ஒரு வண்டிகூட செத்தது கிடையாது. பழி என் மேல விழுந்ததால கேக்குறேன், நான் சொல்றபடி செய்வீங்களா? ஹேண்ட் பிரேக் பிடிக்குமா?

— மைல்டா பிடிக்கும்.

— அப்போ இறங்கி டயருக்கு முன்னால ஒரு கல்லைப் போடுங்க.

— கல்லுக்கு எங்கன போவேன் சாமி? சுத்தி எல்லாம் மணலுதான்.

— சரி, கதாயுதத்தை வைங்க.

— சாமி, ஆயுதத்தைப் போயி...

— வைங்க ஐயா. வச்சாச்சா? ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. நாலாவது கியரைப் போட்டுட்டு கிளட்சை மெதுவா விடுங்க. கிளட்ச் சரியா இருந்தா இன்ஜின் குலுங்கி அணைஞ்சிடும்.

— அணையல சாமி. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுல்லா இருக்கு. நல்லதுதான?

— நல்லது இல்லை. கியர் பாக்ஸ் நிக்குது, இன்ஜின் தனியா சுத்துது. நடுவுல ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய கிளட்ச் வழுக்குது. அதோட தகடு தேய்ஞ்சு கருகின நாத்தம்தான் அது.

— எங்க வீட்டுல நான் பேசுத மாதிரின்னு சொல்லுங்க சாமி. இந்தப் பக்கம் நான் தொண்டை கிழியக் கத்துவேன், அந்தப் பக்கம் இவிய அசைய மாட்டாவ.

— அதேதான் அம்மா. இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஐயா, இறங்கி வாங்க. இன்ஜினுக்கு ஏதாவது செஞ்சீங்களா?

— சே, ஒண்ணுமில்ல சாமி. லோடு கொஞ்சம் கூடிட்டு.

— இது லோடா? உப்பு மூட்டையே ஏத்தி ஓடுற ரக வண்டி இது. பூசணிக்காய்க்கா கிளட்ச் வழுக்கும்?

— ஏங்க, மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? எமன்கிட்ட பொய் சொல்லாதீங்க. பெறவு ஒரிஜினல்கிட்ட போறப்ப அங்கன பேச்சு வரும்.

— மைல்டா ஒண்ணு செஞ்சேன்.

— மைல்டான்னா என்னது?

— மைல்டான்னா மைல்டுதாம்ளா. பைபாஸ் பக்கம் பெனிஸ்டன்னு ஒருத்தன் லேப்டாப் வச்சிருக்கான். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு வயரை மாட்டுவான். நாம டீயைக் குடிச்சிட்டு வாரதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். டீசல் கொஞ்சம் கூட, டர்போ காத்து கொஞ்சம் கூட. ஒரு போல்ட்டு கூடக் கழத்தல, கேட்டீயளா சாமி? அதான் மைல்டு.

— ஆத்தா முத்தாரம்மா, இந்தக் கூத்தைக் கேட்டியா? சாமி, நான் எதுக்கு அன்னதானம் நேர்ந்தேன்னு தெரியுமா? இந்த மனுசனுக்கு வண்டிக் கிறுக்குத் தெளிஞ்சா வேசக்காரங்களுக்குச் சோறு போடுதேன்னு நேர்ந்தேன். ஹாரனை மாத்தினாவ, சீட்டை மாத்தினாவ, டயரை மாத்தினாவ. வீட்டுல மிக்ஸி ஓடல, அதை மாத்தல. போன மாசம் என் தலையில கை வச்சி, இனி வண்டியில ஒரு ஆணி அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினாவ. ஆத்தா கேட்டுட்டான்னு நானும் சந்தோசமா அரிசி புடைச்சேன்.

— ஆணி அடிக்கலியே. வயருதான மாட்டினான்.

— கேட்டீயளா சாமி? கேட்டீயளா?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அம்மா. ஐயா, இதை மாட்டினா கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் தாங்குமான்னு அவரைக் கேக்கலையா?

— கேக்காம இருப்பனா? அதைத்தான் முதல்ல கேட்டேன். கம்பெனிக்காரன் எல்லாத்துலயும் கொஞ்சம் கூடுதலா விட்டு வச்சிருப்பான் அண்ணாச்சி, சும்மா கெடக்குததைத்தான் நாம எடுத்துக்கிடுதோம்னு சொன்னான்.

— அது சும்மா கிடக்கலை. ஜாக்கெட் தைக்கிறப்போ உள்பக்கம் கொஞ்சம் துணி மடிச்சு விடுறாங்க இல்லையா, அந்த மாதிரி. பாரத்தோட பாலம் ஏற, வெயில்ல நின்னு நின்னு போக, அவசரத்துக்கு மிதிக்க, அதுக்குன்னு விட்டது. நீங்க அதை முன்கூட்டியே பிரிச்சுப் போட்டுக்கிட்டீங்க.

— பிரிச்சதையும் போட்டுட்டு மூச்சை இழுத்தா கிழியத்தான செய்யும்?

— கிழியும் அம்மா. மைல்டா செஞ்சா கியர் பாக்ஸ் பொறுத்துக்கும். ஆனா ஓட்டுறவரும் மைல்டா இருக்கணும். ஐயா இப்போ என்ன செஞ்சார்? வண்டி மெதுவாப் போறப்போ அஞ்சாவது கியரைப் போட்டுட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோட அமுக்கினார். அத்தனை பாரமும் கிளட்ச் தலையில. கிளட்ச் வழுக்கினதாலதான் உள்ள இருக்கிற பல்லுச் சக்கரம் தப்பிச்சுது. இல்லைன்னா கியர் பாக்ஸை வாளியில அள்ளியிருப்போம்.

— சாமிக்கு ஒரு இழுவை காட்டணும்னுதான் மிதிச்சேன்.

— எமனுக்கு இழுவை காட்டுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். வேற என்ன செஞ்சீங்க?

— வேற என்ன? புகை திரும்ப இன்ஜினுக்குள்ள போற குழாயில சின்னதா ஒரு தகட்டை வச்சி அடைச்சி விட்டான். மைல்டா.

— அதுவும் போதாம, கூட ஊத்துற டீசல்தான் பின்னால கருப்பா வருதா?

— லைட் கருப்பு சாமி.

— மேல் வீட்டு முருகேஸ்வரி அக்கா கொடியில காயப்போட்ட வேட்டியப் பாத்தா தெரியும், லைட்டா டார்க்கான்னு. அந்த அக்கா என்கிட்ட பேச்சை விட்டுட்டாவ. இப்பத்தான எனக்கு விசயம் விளங்குது.

— வேற?

— ஹாரன்தான் ஊருக்கே தெரியுமே. அம்புட்டுத்தான் சாமி. முத்தாரம்மன் மேல ஆணை.

— அந்த பெனிஸ்டன் நம்பர் இருக்கா?

— இருக்கே. உங்க வண்டிக்கும் போடணுமா சாமி? நான் சொன்னேன்னு சொல்லுங்க, கவனிச்சிச் செய்வான். ஹார்பர் ரோட்டுல ஓடுத பாதி பிக்கப்புக்கு அவன் கைதான். யார் யாருன்னு பேரு வேணா சொல்லவா?

— பேரெல்லாம் அப்புறம் பார்ப்போம். நம்பரை மட்டும் சொல்லுங்க, என் போன் இந்தக் கவசத்துக்குள்ளதான் எங்கயோ இருக்கு.

— எமனுக்கே ஆள் பிடிச்சிக் கொடுக்காவ பாரு. ஏங்க, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் தலையில கை வச்சிட்டு எதுக்கு இப்படிச் செஞ்சீய?

— நீ சொன்னதுனாலதான்.

— நானா?

— நம்ம ஊரு மூணாம் கேட் ரயில் பாலத்துல உங்க அக்காவையும் ஏத்திக்கிட்டு, சிமெண்ட் மூட்டையோட ஏறினோமே. வண்டி முக்கிச்சு. பின்னால டிரெய்லர்காரன் ஹாரனை அடிச்சிக்கிட்டே வந்தான். அப்ப நீ உங்க அக்காகிட்ட என்ன சொன்ன? இறங்கி நடந்திருந்தா இதுக்குள்ள வீட்டுல உலை வச்சிருக்கலாம்னு சொன்ன.

— அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.

— ரெண்டு பேரும் சிரிச்சீய. உங்க அக்கா கண்ணைத் துடைச்சித் துடைச்சிச் சிரிச்சா. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. இந்த வண்டி ஒண்ணுதான்ளா எனக்குன்னு இருக்கு. அதை வச்சி நீ சிரிக்கலாமா?

— அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லா?

— சொன்னா நீ இன்னும் சிரிப்ப.

— சிரிச்சித்தான் இருப்பேன். ஆனா பெறவு நிறுத்தியிருப்பேன்.

— அம்மா, ஐயா, நீங்க பேசிக்கிட்டே இருங்க. கிளட்ச் ஆற அது நேரம் கொடுக்கும்.

— இனி என்ன பேச்சு சாமி? வண்டியத் திருப்பச் சொல்லுங்க. கேட்டது நடக்கல, நான் எதுக்குச் சோறு போடணும்? கிறுக்கு அப்படியேல்லா இருக்கு.

— அப்படிச் சொல்லாதீங்க அம்மா. வேசக்காரங்க எல்லாம் காலையில இருந்து விரதம். நானும் விரதம். இருக்கிற பசியில மூட்டையில இருக்கிற பூசணிக்காயே எனக்குச் சாம்பாரா மணக்குது. ஐயா முகத்தைப் பாருங்க, கிளட்ச் போனதும் பாதி தெளிஞ்ச மாதிரித்தான் இருக்கு.

— பாதி தெளிஞ்சதுக்கு அரிசியைப் பாதி வேக்காட்டுல இறக்கவா?

— மீதியை ஆத்தா பார்த்துக்குவா. கிளட்ச் ஆறிடுச்சு, கிளம்பலாம். மூணாவது கியருக்கு மேல போகக் கூடாது. மிதிக்கக் கூடாது. முட்டை மேல கால் வச்ச மாதிரி போகணும்.

— அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் சாமி.

— இல்லை ஐயா. உங்க கால் கேக்காது. அம்மா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?

— தெரியும் சாமி. மார்க்கெட்டுக்கு நாந்தான் எடுத்துட்டுப் போவேன்.

— லைசென்ஸ் இருக்கா?

— மணிபர்ஸுல இருக்கு. காட்டவா?

— காட்டுங்க.

— சாமி, எமலோகத்துல லைசென்ஸ் எல்லாம் பாப்பாங்களா?

— அங்க பார்க்கிறதுக்கு முன்னால இங்க பார்த்துடுறது நல்லது ஐயா. சரியா இருக்கும்மா, ஏறுங்க. ஐயா, நீங்க நடுவுல. அந்தக் கதாயுதத்தை எடுத்துட்டு வாங்க.

— சாமி, அது அப்பளமா நொறுங்கிட்டு.

— போகட்டும். பாசக்கயிறு இருக்கு, சமாளிச்சுக்கிறேன்.

— ஏளா, வண்டியப் பைய எடு. கியர் போடுதப்ப முட்டியில இடிக்காத.

— முட்டிய ஒதுக்குங்க. மூணாவது கியரு அங்கனதான் இருக்கு. சாமி, வண்டி போகுது. கத்தவே இல்ல.

— அருமையா ஓட்டுறீங்க அம்மா. இப்படி ஓட்டினா எந்த கியர் பாக்ஸும் பேரன் பேத்தி எடுக்கும்.

— ஏளா, அந்தப் பையன் சைக்கிள்ல நம்மள முந்துதான். லேசா ஒரு மிதி. மைல்டா.

— கையைக் காலை வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. பக்கத்துல எமன் இருக்காரு.

— ஐயா, என் முகத்தைக் கண்டதும் எதிர வர்ற வண்டி எல்லாம் எப்படி ஒதுங்குது பாருங்க. உங்க பெனிஸ்டன் லேப்டாப்பால இப்படி வழி வாங்க முடியுமா?

— அதுவும் சரிதான் சாமி. அந்தா கொட்டுச் சத்தம் கேக்கு. குலசை வந்துட்டு. வேல்விழி, நல்லா ஓட்டின. உள்ளதைச் சொல்லுதேன், நான் ஓட்டினாக்கூட இப்படி வந்திருக்காது.

— இதைக் கேக்கதுக்கு ஒரு எமனை ஏத்த வேண்டியிருக்கு. சாமி, மன்னிச்சிக்கோங்க. நல்ல மனுசரைப் பழிச்சிட்டேன். சோறு இறக்கினதும் முதல் இலை உங்களுக்குத்தான்.

— கண்டிப்பா வருவேன் அம்மா. ஐயா, தசரா முடியட்டும். புது கிளட்ச் போடுங்க, அந்தத் தகட்டை எடுங்க, இன்ஜினைக் கம்பெனி விட்டபடியே மாத்துங்க. மாத்தின கையோட வண்டியை என்கிட்ட கொண்டுவந்து காட்டுங்க.

— கட்டாயம் கொண்டாருதேன் சாமி. கைராசிக்கார மெக்கானிக்கு நீங்க. உங்க ஒர்க் ஷாப் எங்கன இருக்கு?

— ஒர்க் ஷாப் இல்லை ஐயா. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்து பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கன்னு கேளுங்க, காட்டுவாங்க. அங்க எனக்குக் காக்கி வேசம்.