மாமா பாஸான பேப்பர்

பிள்ளைகளா, கொட்டாம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வரும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை கிடாவெட்டு மாமா. கொழுப்பு மாத்திரைய ரெண்டு நாளைக்கு நிறுத்திட்டு வந்துருங்க. அப்பத்தான் பயமில்லாம குடிக்கலாம். நான் அப்படித்தான் செய்றேன்."

"நானும் அப்படித்தான் செஞ்சேன் மாப்ள. டாக்டர்ட்ட ஒளிக்காம சொன்னேன். மாத்திரைய நிறுத்துனா நெஞ்சுக்கு ஆகாது, குடிச்சா ஈரலுக்கு ஆகாது, எத நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்கன்னாரு."

"எத நிறுத்துனீங்க?"

மூத்தவர் மஞ்சப்பையிலிருந்து லேமினேஷன் செய்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"ஆறு மாசமா ஒரு சொட்டு தொடல. போன தடவ ஈரல் டெஸ்டுல அம்புட்டும் ஏறிக் கெடந்துச்சு. இப்பப் பாரு, எல்லாம் சரியா இருக்கு."

"ரத்த டெஸ்டுக்குப் போயி யாராச்சும் லேமினேஷன் போடுவாகளா மாமா?"

"நான் பத்தாவது பெயிலு மாப்ள. பாஸான ஒரே பேப்பரு இதுதான்."

இளையவர் சிரித்தார். பிறகு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். மேலூர் தாண்டியும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மாமா, இந்த டெஸ்டுக்கு வெறும் வயித்துலயா போகணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.