பன்னிரண்டு அடி நகர்த்த ஏறியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவன மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் சகோதரியே, வேலை உடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் ஆபரேட்டர் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

சாலைப்பணி மேற்பார்வையாளர், நம் எல்லோருக்கும் 'ரசமட்டம்' அண்ணன், இன்று நம்மோடு இல்லை. இருபத்தாறு வருடமாக விபத்துச் செய்தி எழுதுகிறேன். இந்த மாதிரி இரங்கல் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துத்தான் பழக்கம். இவரைப் பற்றியும் அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் மனைவி, நம் சகோதரி, விடவில்லை.

அவரை நான் எப்படி அறிந்தேன்? மண் அள்ளும் சின்ன லோடர் ஒன்று கவிழ்ந்து ஆபரேட்டர் இறந்ததை நான்கு வரியில் எழுதியிருந்தேன். மறுநாள் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். செருப்பெல்லாம் தார்.

"கவுந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஏன் கவுந்துச்சுன்னு யாரு சார் எழுதுவா?"

"போலீஸ் சொன்னதைத்தானே எழுத முடியும்?"

"போலீஸ் கவுந்தப்புறம் வந்தவங்க. கவுர்றதுக்கு முந்தி அங்க நின்னவங்களைக் கேளுங்க."

என் மேசையிலிருந்த தீப்பெட்டியைப் புத்தகத்தின் மேல் படுக்கவைத்துப் புத்தகத்தைச் சாய்த்தார். பெட்டி அசையவில்லை. நிமிர்த்திவைத்துச் சாய்த்தார். விழுந்தது. "வாளியைத் தூக்கிட்டுச் சரிவுல போனா இதான் சார்" என்றார். கார் அளவுகூட இல்லாத வண்டி, மூன்று டன் எடை. சின்ன வண்டிதானே என்ற நினைப்புதான் ஆளைக் கொல்கிறது என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு ரசமட்டம், தரை மட்டமா சரிவா என்று காட்டும் குமிழிக் கருவி, இருக்கும். சரிவில் அதை வைத்துக் குமிழியைப் பார்த்த பிறகுதான் வண்டியை விடுவார். கிண்டல் செய்யாத ஆள் உண்டா?

"அண்ணே, பொண்ணு பார்க்கப் போனப்பவும் ரசமட்டம் வெச்சுத்தான் பார்த்தீங்களாமே?"

"பார்த்தேன்டா. கோணலா இருந்தது நான்தான்."

குளம் வெட்டிய இடத்தில் ஒரு லோடர் பள்ளத்தில் புரண்டது நினைவிருக்கிறதா? கூண்டுக்குள் ஆபரேட்டர் பெல்ட்டில் தொங்குகிறார். அண்ணன் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கிறார்.

"அண்ணே, தலைகீழா தொங்குறேண்ணே!"

"தொங்கு, தொங்கு. தொங்குறவன்தான் பேசுவான். கையை மட்டும் வெளிய நீட்டாதே."

அந்தத் தோழர் முழங்கையில் ஒரு சிராய்ப்போடு வெளியே வந்தார். இதோ, தூண் பக்கம் நிற்கிறார்.

இனி, சொல்லக் கஷ்டமான பகுதி.

இறந்தது எப்படி என்று பேசவேண்டாம் என்று மேடையிலிருந்து கேட்டுக்கொண்டார்கள். வாசலில் நான்கு ஆபரேட்டர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், கரை மண்ணு சரிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. எங்க அண்ணன் பேரைக் கெடுத்துடாதீங்க." அவர்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நேற்று சகோதரி சொன்னது வேறு. "நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்வாங்க. அது எனக்கே தெரியும். அவரு சீட் பெல்ட் போடலைன்னு நீங்க சொல்லுங்கண்ணே. மண்ணு சரிஞ்சுதுன்னு முடிச்சிட்டா, மண்ணைத் திட்டிட்டு எல்லாரும் பழையபடி ஏறி உட்கார்ந்துடுவாங்க."

ஆகவே சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை, மாலை நாலு இருபது. புதிய சாலைக்காகக் கொட்டிய மண்கரைமேல் சின்ன ரோலர் நிற்கிறது. ஆபரேட்டர் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். பின்னால் ஜல்லி லாரி. வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. "நானே நகத்துறேன், கத்தாதே" என்று அண்ணன் ஏறினார். நகர்த்தவேண்டியது பன்னிரண்டு அடி. அளந்து பார்த்தேன். பின்பக்கச் சக்கரம் இறுகாத ஓரத்தில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. குதித்தார். குதித்த பக்கமே, இருக்கைக்கு மேலிருக்கும் இரும்புச் சட்டம் அவர்மேல் விழுந்தது.

கரையின் உயரம் ஐந்தடி. சட்டம் வளையவில்லை. இருக்கையில் ஒரு கீறல் இல்லை. பெல்ட் போட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார். பெல்ட் எங்கே இருந்தது? இருக்கைக்குப் பின்னால், பூட்டியபடி! பூட்டாவிட்டால் வண்டி பீப் பீப்பென்று கத்துகிறது. அதனால் பின்னால் பூட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொள்கிறீர்கள். பூட்டியது யார் என்று கேட்காதீர்கள். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறீர்கள். அந்த ரோலர் ஆபரேட்டர் போய் அழுதபோது சகோதரி சொன்னாராம்: "எழுந்திரு தம்பி. பெல்ட்டைப் பின்னால கட்டினதுக்கு உன் பொண்டாட்டி உன்னைத் திட்டட்டும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாததா? தெரிஞ்சுதானே ஏறினாரு."

தெரியாமல் இறந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் இறந்தால் என்ன எழுதுவது? நம்மைவிட நூறு மடங்கு தெரிந்தவருக்கே அவசரப்பட ஒரு ஹாரன் சத்தம் போதுமானதாக இருந்தது என்றால், நமக்கு? இதனால் அவர் பெயர் கெடுகிறதா? கெடவில்லை, தோழர்களே! தான் இறந்ததையும் நான் நான்கு வரியில் எழுதி முடித்திருந்தால் அவர் மறுபடி பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்திருப்பார்.

அவருடைய படத்தை யார்டு அலுவலகத்தில் மாட்டுவதாக மேலாளர் அறிவித்தார். மாட்டுங்கள். இனி இந்த ஊரில் எந்த வண்டி கவிழ்ந்தாலும், ஏன் என்று தெரியும்வரை நான் செய்தியை முடிக்கமாட்டேன். அது என் பங்கு. உங்கள் பங்கு நாளைக்கே தொடங்குகிறது.

நாளை காலை ஏழு மணிக்குச் சகோதரி யார்டுக்கு வருகிறார். பதினொரு வண்டிகள் நிற்கின்றன. ஒவ்வொரு இருக்கைக்குப் பின்னாலும் கையை விட்டுப் பார்ப்பாராம். பூட்டியிருந்தால் தன் கையாலேயே அவிழ்ப்பாராம். யாரையும் ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆபரேட்டர் தோழர்களே, தயவுசெய்து ஆறரைக்கே வந்துவிடுங்கள்.