பாதியில் நின்ற விரல்கள்

தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் புன்னகை மாறாத எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு அரக்கப்பரக்க வந்திருக்கும் அன்னையரே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பொது வாசிப்பறைக்கு எந்த வைஃபை ரவுட்டர் வாங்கலாம் என்று பேசச் சொன்னார்கள். நானோ என் தங்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவளுக்குக் காது கேட்காது. கைகள்தான் அவள் மொழி. வேலைக்காகத் தொலைதூரம் போனவள், அந்தி மயங்கும் வேளையில் வீடியோ அழைப்பில் எங்கள் திரையில் வருவாள். விரல் விரியும், வார்த்தை மலரும். அந்த அறையே கனவில் மிதக்கும்.

ஒரு மாலை, “அண்ணா, எனக்கு ஒருத்தர...” என்று கை எழுந்தது. எழுந்த கை திரையில் அப்படியே உறைந்தது! பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லையா? “என்னடா சொல்றா?” என்று அம்மா தவித்தார்.

என்ன, மூன்றாம் மாடிக்காரரே? எழுதி அனுப்பலாமே என்கிறீர்களா? கேட்டோம். ‘அம்மா முகத்தப் பாத்துத்தான் சொல்லுவேன்’ என்று பதில் வந்தது!

படத்தை உறைய வைத்த எங்கள் ரவுட்டர் பெட்டி, என் மச்சான் ஆன்டெனாவை எண்ணி வாங்கியது. “உள்ள இருக்கிற சாஃப்ட்வேர், அதான் ஃபர்ம்வேர், பழசு மாமா, புதுசு ஏத்திட்டா சரியாயிடும்” என்று ஏற்றத் தொடங்கினான். விளக்கு கண்சிமிட்டியது. எங்கள் அப்பாவுக்கோ, அறையை விட்டு எழுந்தால் எல்லா சுவிட்சையும் அணைக்கும் வழக்கம். அணைத்தார். பெட்டி அதோடு கண்ணை மூடியது. சிரிக்காதீர்கள், அன்று எங்கள் வீட்டில் யாருமே சாப்பிடவில்லை.

வேறு பெட்டி வாங்கப் போனபோது கடைக்கார அம்மாள் சொன்னார்: “ஆன்டெனாவ எண்ணாதீங்க சார். கம்பெனி இன்னும் எவ்வளவு காலம் அப்டேட் தரும்னு கேளுங்க. ஏத்தும்போது கரண்ட நிறுத்தாதீங்க.”

கேட்டு வாங்கினோம். ஏற்றினோம். சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றவர் யார்? அப்பாவேதான்! “யாரும் கிட்ட வராதீங்க!” என்று எங்களையே விரட்டினார். விளக்கு நிலைத்தது. தங்கை வந்தாள். கை எழுந்தது, நிற்கவில்லை, நடுங்கவில்லை: “எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கும்மா.”

அம்மாவும் சைகையிலேயே பதில் சொன்னார். இரு கைகளையும் உயர்த்தினார். “கூட்டிட்டு வாடி.”

பெரியோரே! அழகைப் பார்த்து வாங்காதீர்கள், ஆயுளைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதோடு மறக்காதீர்கள், புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அந்தக் கம்பியில்லாக் காற்றில் யாருடைய வாழ்க்கை வந்துகொண்டிருக்கிறதோ, யார் கண்டார்!

பொறுமையாய்க் கேட்டதற்கு நன்றி. கைதட்ட வேண்டாம். கைகளை மேலே உயர்த்தி அசையுங்கள்; காது கேளாதோரின் கைதட்டல் அதுதான். என் தங்கை கடைசி வரிசையில், தன் கணவரோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் கேட்கட்டும். வணக்கம்!