நடுக்களத்து ஜோடி

கால்பந்தில் எல்லாரும் கோல் அடிப்பவனைத்தான் பார்ப்பார்கள். நான் நடுக்களத்தில் நிற்கும் இருவரைப் பார்ப்பேன். ஒருவன் ஓடினால் மற்றவன் நிற்க வேண்டும். இருவரும் ஓடிவிட்டால் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போன மாதிரி.

நான் பயிற்சி தரும் எங்கள் ஆலை அணியில் நிற்கத் தெரிந்தவன் வெல்டர். ஓடத் தெரிந்தவன் லாரிக்காரர் மகன். ஒரு பயிற்சியில் இருவரையும் சேர்த்து ஆடவிட்டேன். அதற்குப் பிறகு வேறு எந்த ஜோடியும் என் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஓடுகிற இடத்தில் கேப்டன் இருந்தான், என் மனைவியின் தம்பி. பாதி தூரம் ஓடுவான், இடுப்பில் கைவைத்து நின்று காறித் துப்புவான். புல்லில் அது பளபளப்பதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

வீட்டில் மெல்லப் பேச்சை எடுத்தேன். "என் தம்பிய வெளிய உக்கார வெச்சா, நாளையிலேருந்து நீங்களே சமைச்சுக்குங்க" என்று மனைவி சிரித்தாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆட்டம் போதவில்லை என்று நீக்கினால் ஒரு கேப்டனுக்கு மானம் போய்விடும். அடிபட்டு உட்கார்ந்தால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். நான் அவன் மானத்தைத்தான் யோசித்தேன்.

புது பூட்ஸ் கடித்து அவன் குதிகாலில் சின்னப் புண். நானே மருந்து போடுகிறேன் என்றேன். உடை மாற்றும் அறையின் மூலையில் ஒரு தொட்டி உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லாருடைய சாக்ஸும் அதில் ஊறும். அடுத்த ஆட்டம் வரும்வரை யாரும் அலச மாட்டார்கள். தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு படிந்து கொழகொழவென்று கிடக்கும். அவன் வருமுன் பஞ்சை அதில் நனைத்து வைத்துக்கொள்வேன்.

"எரியுது மாமா."

"மருந்துன்னா எரியத்தான்டா செய்யும்."

பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். எனக்கு அந்த நாற்றம் ஆகாது.

புண் பச்சையாகி, கட்டைப் பிரிக்கும்போது தோலும் கூடவே வந்தது. காய்ச்சல் கண்டது. "என் கால வேற யாரு மாமா இப்படித் தொடுவா" என்று கண் கலங்கினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே புதுக் கட்டைப் போட்டேன். டாக்டரிடம் காட்டலாமா என்று மனைவி கேட்டதற்கு, ஆறுகிற புண்தான் என்றேன். முதலில் சில நாள் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஜோடி அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது, இறுதி ஆட்டமும் பாக்கி இருந்தது.

அந்த ஆட்டத்தில் வெல்டர் நின்றான், லாரிக்காரர் மகன் ஓடினான். அவ்வளவு சுத்தமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் மச்சினனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி என் உள்ளங்கையில் முகம் புதைத்து அழுதாள்.

நான் தொட்டியில் பஞ்சை நனைத்ததைப் பார்த்ததாக வெல்டர்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னானாம். எதையும் நின்று கவனிப்பவன். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆமாம் சார், தெரிந்துதான் செய்தேன். ஆனால் காலை வெட்டியது டாக்டர். நான் நடுக்களத்தில் ஓர் ஆளை மாற்றினேன், அவ்வளவுதான்.