செருப்புக் கடை வரிசை

காலையில் காப்பி குடிக்காமல் கிளம்பினால் எனக்குத் தலை வலிக்கும். அன்றும் வலித்தது. அதனால்தான் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றேன், ஐயா. அது நம் கமகுவே ஊரில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற செருப்புக் கடை. உள்ளே எலிகூட இல்லை.

இரண்டு நிமிஷத்தில் ஒருவர் வந்தார். "கடைசி யாரு?" என்றார். கியூபாவில் நாலு பேர் நிற்கிற இடத்தில் வரிசையில் சேர எல்லோரும் கேட்கிற கேள்விதான். "நான்தான்" என்றேன். பொய்யில்லை. என்ன கிடைக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் மனோதத்துவம் நடத்தினேன். ஒரு மாணவனும் என் பேச்சுக்கு இப்படிக் கட்டுப்பட்டதில்லை. ஒன்பது மணிக்குள் அறுபது பேர். கோழி என்றது ஒரு கட்சி, சோப்பு என்றது இன்னொன்று. கோழிக் கட்சி சோப்புக் கட்சியைக் கேவலமாகப் பார்த்தது.

எதிரே மருந்துக்கடை. என் பக்கத்து வீட்டு நெரெய்டா இதய மாத்திரைக்காக அங்கே எட்டாவது ஆளாக நின்றாள். இரண்டு நாளாக அவளிடம் மாத்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும். தெருவைக் கடந்து வந்தாள்.

"என்ன வாத்தியாரே, இங்க என்ன குடுக்கறாங்க?"

"யாருக்குத் தெரியும்? இத்தனை பேரும் முட்டாளா என்ன?"

"அதானே. அங்க எட்டுப் பேரு ஈ ஓட்டிக்கிட்டு நிக்கிறோம். கோழின்னா எனக்கும் ஒண்ணு வேணும்."

வரிசையின் வாலைத் தேடிப் போய்விட்டாள். உயிரைவிட நீளமான வரிசை பெரிது என்று ஆய்வுக்காகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

பத்தரைக்கு மருந்து வண்டி வந்தது. பதினொன்றரைக்கு மாத்திரை தீர்ந்தது. வரிசை மூலை திரும்பிவிட்டதால் அவளுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் ஆய்வு கெட்டுப்போயிருக்கும்.

ஒரு மணிக்கு அவள் விழுந்துவிட்டதாக மூலையிலிருந்து குரல் வந்தது. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. தூக்கிப்போக ஆள் கேட்டார்கள். அவள் பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னால் நகர்ந்தார்களாம், அவ்வளவுதான். இந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

நானா? பின்னால் நிற்பவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகலாம், அதுதான் நம் வழக்கம். அவர் சிகரெட் வாங்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கோழி வந்துவிட்டால் என்ன செய்வது, ஐயா? நான்தானே முதல் ஆள்.