குழலுக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி

ஒரு டியூப் லைட் பழுதாகப் போகிறது என்பதை அதன் இரைச்சலை வைத்தே என்னால் சொல்லிவிட முடியும். இந்தப் பொலிஸ் நிலையத்தில் உங்கள் அறையில் ஜன்னல் பக்கம் இருப்பது இன்னும் ஒரு மாதம் தாங்காது. பதினாறு வருடமாக ஒஸ்லோவில் இதுதான் என் வேலை. பள்ளிக்கூடங்கள், அலுவலகங்கள், முதியோர் இல்லங்கள் என்று ஏணியோடு ஏறி இறங்கியிருக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதில் எந்த இடத்திலும் 'தெரியாமல் நடந்தது' என்று எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த நாட்டில் வளர்க்கத் தடையுள்ள பிராணியை வீட்டில் வைத்திருந்தது யார்? தான்தான் என்று என் மனைவி சிவகாமி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லத்தான் இன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன்.

2003ஆம் ஆண்டு மார்ச்சில் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அது அழவே இல்லை. அதற்குப் பிறகு சிவகாமி படுக்கையை விட்டு எழும்பவில்லை. மூன்றரை வருடம். காலையில் அவளுக்கு முகம் கழுவி, தலை சீவி, புட்டோ பாணோ ஊட்டிவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் வந்து ஊட்டிவிட்டுத் திரும்பிப் போவேன். நாங்கள் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில் தமிழ்ச் சனம் முழுக்க என்னைப் பற்றித்தான் கதைத்தது. "பரமநாதன் மாதிரி ஒரு மனுசன் கிடைக்கக் குடுத்து வைக்கவேணும்" என்று யோகராணி அக்கா கோயிலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று யாருக்கும் தெரியாது.

2006 இலையுதிர் காலத்தில் மேல்மாடியில் இருந்த பெரித் என்ற பெண் வேலை மாறி வடக்கே போனாள். சுவீடனிலிருந்து காருக்குள் மறைத்துக் கொண்டுவந்த பச்சோந்திக் குஞ்சு ஒன்று அவளிடம் இருந்தது. கொண்டுபோக வழியில்லை. எங்கள் கதவைத் தட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும்போது, சிவகாமி சுவரைப் பிடித்தபடி அறையிலிருந்து வந்து கையை நீட்டினாள். என் நடுவிரல் நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சு அவள் விரலைப் பற்றிக்கொண்டு ஏறியது. அவள் சிரித்தாள். அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

கூட்டுக்கு விளக்கும் சூடும் பொருத்துவது என் பொறுப்பானது. பெரித் விட்டுப்போன சுவீடிஷ் கையேட்டை மேசையில் விரித்து வைத்துச் சிவகாமிக்குத் தமிழில் சொன்னேன். ஒரு மூலையில் வெயில் காய முப்பது பாகை தரும் பல்பு. மற்ற மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடு கூடினால் அது அங்கே நகர்ந்துகொள்ளும். குஞ்சு என்பதால் பல்பு கிட்ட இருக்கக் கூடாது, முதுகு கருகிவிடும். இரவில் எல்லாம் அணைய வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், புற ஊதாக் கதிர் தரும் நீளக் குழல். அந்தக் கதிர் மேலே பட்டால்தான் சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். படாவிட்டால் எலும்பு வளையும்.

அடுத்த வரியில், குழலுக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடி வரக் கூடாது, கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்று இருந்தது. அந்த வரியை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஒரு மாதம் எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். சிவகாமி எனக்கு முதல் எழும்பினாள். திரைச்சீலையைத் திறந்தாள். கூட்டுக்குள் தண்ணீர் தெளித்தாள், வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். குஞ்சுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. "இவர் இண்டைக்கு நாலு பூச்சி சாப்பிட்டவர்" என்பாள். "இவருக்கு அந்த மூலைதான் விருப்பம்." கலியாணம் கட்டிய நாளிலிருந்து டெலிபோனில் தாயிடம் அவள் 'இவர்' என்று சொன்னது என்னைத்தான்.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் ஊட்டுவதற்காக வீட்டுக்கு வந்தேன். அவள் இல்லை. பூச்சி வாங்கத் தனியாக டி-பானே ரயிலில் நகரத்துக்குப் போயிருந்தாள். மேசையில் சோறும் பருப்பும் மூடி வைத்திருந்தாள், எனக்கு. குந்தியிருந்து தனியாகச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் சமைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை கண்ணாடி ஒன்று வெட்டுவித்து வந்து, குழலுக்குக் கீழே கூட்டின் வலையின் மேல் வைத்தேன்.

"ஏனப்பா இது?" என்று கேட்டாள்.

"தண்ணி தெளிக்கேக்கை லைட்டிலை பட்டால் வெடிக்கும். நீர்தான் கிட்ட நிக்கிறனீர்."

"எல்லாத்தையும் யோசிக்கிறீங்கள்" என்றாள். அன்றிலிருந்து தினமும் அந்தக் கண்ணாடியைப் பழந்துணியால் துடைப்பாள், வெளிச்சம் குறையக் கூடாது என்று. வெளிச்சம் குறையவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர் மட்டும் வரவில்லை.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை கழிந்ததும் குஞ்சின் முன்கால்கள் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கின. கிளையைப் பிடிக்க முடியாமல் நழுவியது. நாக்கை வீசினால் பூச்சிக்கு எட்டவில்லை. சிவகாமி பல்பை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். சுண்ணாம்புத் தூளைக் கூடப் போட்டாள். கொப்பியை என்னிடம் நீட்டி, "எங்கை பிழை விட்டனான் எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். அது உண்மை.

"டொக்டரிட்டை கொண்டு போவமே?"

"பொலிசுக்குத் தெரிய வந்தால் எங்கடை சிற்றிசன் பேப்பர் என்னாகும்? யோசியும்."

அவள் யோசித்தாள். பிறகு, "என்ரை கையிலை உயிர் தங்காது போலை" என்றாள். நான் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டியை நிறுத்தவில்லை.

அந்தக் கிழமை அவள் மீண்டும் படுத்துவிட்டாள். நான் மூன்று நேரமும் ஊட்டினேன். என் தோளில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டாள். அடுத்த அறையில் அது கூட்டின் அடியில் கிடந்தது, கிளையில் ஏற முடியாமல். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத் தமிழில் சொல்லவே வாய் கூசுகிறது. நீங்கள் மொழிபெயர்ப்பாளர் வைத்ததற்கு நன்றி, அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கும் நன்றி.

பெப்ரவரியில் நான் வேலையில் இருந்தபோது அவள் எழும்பி, சுடுதண்ணீர்ப் போத்தலோடு அதை ஒரு பெட்டியில் வைத்து, கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போயிருக்கிறாள். பொலிசுக்குப் பயந்துகொண்டுதான் போயிருக்கிறாள். அங்கே தன் பெயரையும் விலாசத்தையும் தானாகவே கொடுத்து, உங்களுக்கு வந்த தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வைத்தியர் கூட்டைப் படம் போட்டுக் காட்டச் சொன்னாராம். படத்தில் கண்ணாடியை அவள் தெளிவாக வரைந்திருக்கிறாள். அவர் அதில் விரலை வைத்தாராம். எலும்பெல்லாம் ரப்பர் மாதிரி ஆகியிருந்ததால் ஊசி போட்டு உயிரை முடிக்க வேண்டியதாயிற்று.

நான் வீட்டுக்கு வந்தபோது வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"கண்ணாடிதானாம், அப்பா" என்றாள். "எனக்கு ஒண்டும் நடக்கக் கூடாதெண்டு பார்த்துப் போட்டனீங்கள். உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்? நீங்கள் மனசை விட்டிடாதேங்கோ."

நான் அழுதேன். அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "எனக்குத் தெரியாது சிவகாமி" என்றுதான் வந்தது.

மறுநாளிலிருந்து அவள் எழும்பவில்லை. இன்றைக்குப் பதினேழு நாள்.

பிராணியை வைத்திருந்தது அவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, தெரிந்துகொண்டே கொன்றது கணவன் பரமநாதன் என்று எழுதுங்கள். என்ன தண்டனை என்றாலும் சரி. ஒரேயொரு வேண்டுகோள், அந்தத் தாளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். உங்களிடம் சொன்னதை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அவள் பலவீனமாக இருக்கிறாள், தாங்கமாட்டாள் என்று பதில் சொல்லத்தான் ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் தாங்குவாள். சொன்னால் எழும்பிவிடுவாள்.